மலேசியாவின் கரியமில வாயு வெளியேற்றம் 1990க்குப் பிறகு ஏன் இத்தனை மடங்கு கூடியது?

1990இல் ஏறக்குறைய 5.5 கோடி டன்னாக இருந்தது, இப்போது ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கும் மேல். முதலில் வண்டிகளைத்தான் குறை சொல்வோம். அதில் உண்மை உண்டு. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் எரியும் ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான்; எரியும்போது காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. ஆனால் பெரிய பங்கு மின்சாரத்துக்கு. 2000க்குப் பிறகு எரிவாயுவோடு நிலக்கரியும் வேகமாகக் கூடியது. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு ஏர்கோன் ராத்திரி முழுக்க ஓடினால், கிள்ளான் பக்கத்துக் காப்பார் போன்ற மின்நிலையங்களின் புகைபோக்கியில் அது தெரியும். அப்புறம் ஒன்று, இந்த எண்களில் காடழிப்பு சேரவில்லை. சபா, சரவாக் காடுகளை வெட்டியதன் கணக்கு தனி.