செமினார் என்றாலே தொண்டை அடைக்கிறது. பேச்சுத் திறனை எப்படி வளர்த்துக்கொள்வது?

கேள்வி: அரூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. பள்ளிப் படிப்பு தமிழ் வழி. இப்போது பொறியியல் இறுதியாண்டு. வகுப்பில் செமினார் எடுக்க எழுந்தாலே கை நடுங்குகிறது, குரல் வருவதில்லை. அடுத்து ஓசூரில் நேர்முகத் தேர்வுகள் வேறு இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் மா விவசாயிகளுக்குப் பயிற்சிக் கூட்டம் நடத்துவது என் வேலை. பேசித்தான் பிழைப்பு ஓடுகிறது என்றாலும் மேடைப் பேச்சுக்கும் எனக்கும் வெகுதூரம். நீங்களும் அந்த மேடைப் பேச்சை முதலில் மனத்திலிருந்து இறக்கிவையுங்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து, கடைசியில் குரலை உயர்த்தி முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பது. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நமக்குக் கிடைத்த பயிற்சி பெரும்பாலும் இவ்வளவுதான். பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முழங்கினார், சிறைக்கும் போனார். அவர் எதிர்த்தது ஓர் அரசை. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது வகுப்புத் தோழர்களும், அடிக்கடி கடிகாரம் பார்க்கும் பேராசிரியரும்தான். முழக்கம் தேவையில்லை, விஷயம் புரிந்தால் போதும்.

அதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: எழுதுவதற்கு முன்பே வாயால் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் பலர் புத்தகத்திலிருந்து நான்கு பக்கம் எடுத்து எழுதி, அப்படியே உருப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. நடுக்கத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. தலைப்பு எதுவாக இருந்தாலும் வீட்டில் அம்மாவிடமோ, பத்தாவது படிக்கும் தம்பியிடமோ தமிழில் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “சரி, அதனால் என்ன?” என்பார்கள். அப்போது நீங்கள் தடுமாறிச் சொல்லும் பதில்தான் உங்கள் செமினாரின் மையம். அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் போகும். ஐந்து நிமிடத்துக்கு 600, மிஞ்சினால் 750. ஒரு முழுப் பாடத்தை அதற்குள் திணிக்க முடியாது. முதல் இரண்டு வாக்கியங்களையும் முடிக்கும் வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் வருவது ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தால் நல்லது.

நேரம் குறைவாக இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று பார்க்க வேண்டுமானால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். ஒருவர் எழுந்து வணக்கம் சொல்லி, எல்லா அதிகாரிகளையும் பெயர் சொல்லி விளித்து, நாட்டு நிலைமையைத் தொட்டு வருவதற்குள் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். இன்னொருவர், “எங்கள் ஊர் ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் தூர்வாரித் தர வேண்டும்” என்று சொல்லிவிட்டு மனுவை நீட்டுவார். அவர் படித்தவரா என்று யாரும் கேட்பதில்லை, அதிகாரி குறித்துக்கொள்வார்.

பழகுவதற்கு இடமும் ஊரிலேயே இருக்கிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தெரிந்த முகங்களுக்கு நடுவே பேசுவதுதான் கூச்சத்துக்குச் சரியான மருந்து. பணம் கட்டிச் சேரும் பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வாக்கியத்தின் வாலை விழுங்காதீர்கள். கூட்டமொன்றில் ஓர் இளம் அலுவலர், “மாம்பூ முழுதாக விரிந்திருக்கும்போது மருந்து தெளிக்க...” என்று கணீரெனத் தொடங்கி, மிச்சத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கடைசி வரிசைப் பெரியவர் எழுந்து, “சார், வேண்டும் என்றீர்களா, வேண்டாம் என்றீர்களா?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் தெளித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் செத்து, காய்ப்பிடிப்பு குறையும். தமிழில் காரியம் முழுக்க வினைமுற்றில் இருக்கிறது. உங்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ‘வந்து’, ‘அதாவது’ எத்தனை இடத்தில் விழுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ஸ்லைடில் பத்தி பத்தியாக ஒட்டிவிட்டு அதையே வாசிப்பது கேட்பவர்களைத் தூங்கவைக்கும் வழி. மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியைப் பற்றி நான் பேசப் போகும்போது, அது தாக்கிய பூங்கொத்து ஒன்றையும், பூச்சி கழித்த தேன் போன்ற பிசின் ஒட்டிய இலைகளையும் ஒரு பையில் கொண்டுபோவேன். இலை கைமாறி வரும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டியதுமே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். உங்கள் துறையிலும் கையில் கொடுக்க ஏதாவது இருக்கும்: ஒரு தாங்கி (பேரிங்), எரிந்துபோன ஒரு சர்க்யூட் பலகை.

கை நடுக்கத்துக்கு ஒரு சின்ன உபாயம். மெல்லிய தாளைக் கையில் பிடிக்காதீர்கள்; நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் காட்டும். தடித்த அட்டையில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். எழுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள், படபடப்பு தணியும். முழுதாகப் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை.

ஓசூர் நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தின் அழகைவிட உங்கள் புராஜெக்ட்டைத்தான் நோண்டுவார்கள். என்ன கோளாறு இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு மாறியது என்ற வரிசையில் சொல்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காமல் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதைக் கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்குவீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.