முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு பிசியோதெரபி: எந்த வலியைப் பொறுக்கலாம், எதை உடனே சொல்ல வேண்டும்?

உங்கள் தந்தைக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது என்றும், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் முட்டியை மடக்கும்போதெல்லாம் அவர் கண்ணீர் விடுகிறார் என்றும், பொறுத்துக்கொள்ளச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. 2022-ஆம் ஆண்டு திருச்சியில் என் அம்மாவுக்கு, அவருடைய 66-ஆம் வயதில், வலது முழங்காலில் இதே அறுவை நடந்தது. அதன் பிறகு மூன்று மாதம் லீவு போட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். அந்த மூன்று மாதத்தில் ஒரு முறை அநாவசியமாகப் பொறுத்துக்கொண்டோம், ஒரு முறை சரியான நேரத்தில் வாயைத் திறந்தோம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

அறுவை நடந்த மறுநாளே அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டாமா என்று எங்கள் சொந்தக்காரர்கள் பதறினார்கள். உண்மையில் படுத்தே கிடப்பதுதான் ஆபத்து. காலை அசைக்காமல் வைத்திருந்தால் ரத்தம் தேங்கும், தொடையின் முன்பக்கத் தசை சில நாளிலேயே வலுவிழக்கும், மூட்டுக்குள் தழும்புத் திசு இறுகி முட்டி மடங்காமல் போகும். தொடக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருபவை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும்: பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, காலை நீட்டியபடியே தூக்குவது, குதிகாலைப் படுக்கையில் தேய்த்துக்கொண்டே உடலை நோக்கி இழுத்து முட்டியை மடக்குவது. இந்தக் கடைசிப் பயிற்சியின்போது விரிப்பு குதிகாலோடு சேர்ந்து சுருண்டு வந்ததால், அம்மாவின் பாதத்துக்கு அடியில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் உறையைப் போட்டு வைத்தோம். அதன் பிறகு ஒருவர் உதவி இல்லாமல் அவராகவே இழுக்க முடிந்தது.

மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முழுமையாக நீட்டுவதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கத் தோன்றும், அப்படி வைத்தால் இதமாகவும் இருக்கும். ஆனால் மூட்டு அந்த வளைவிலேயே இறுகிவிட்டால் பிறகு நடையே கோணலாகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். பொதுவாக இரண்டு வாரத்தில் 90 டிகிரி வரையும், ஆறு வாரத்தில் 110 டிகிரியை ஒட்டியும் மடங்குவதை இலக்காகச் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆபரேஷனுக்கு முன்பே விறைத்திருந்த முட்டிக்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.

இனி வலிக்கு வருகிறேன். வலியே இல்லாத பிசியோதெரபி இந்த அறுவைக்குப் பிறகு கிடையாது. ஆனால் எந்த வலி ஏற்கத்தக்கது என்பதை, பயிற்சி நடக்கும் நேரத்தில் முகம் எவ்வளவு சுளிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்று இரவும் மறுநாள் காலையும் முட்டி எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். துணி சுற்றிய ஐஸ் பையை 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுத்த பிறகு சில மணி நேரத்தில் வலி தணிந்து, மறுநாள் முந்தைய நாளைப் போலவோ அதைவிட நன்றாகவோ நடக்க முடிந்தால் அந்தப் பயிற்சி சரியான அளவில் இருக்கிறது. மறுநாள் வீக்கம் கூடியிருந்து, நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாமல் போனால், பயிற்சி அளவு மீறிவிட்டது என்று பொருள்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் இளைஞர், நல்ல பிள்ளை. ஆனால் இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரியைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. பன்னிரண்டாம் நாள் அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்துக் கணுக்காலைப் பிடித்துத் தன் பலத்தால் மடக்கினார். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் நின்றேன். மறுநாள் காலையில் முட்டி பலாக்காய் போல வீங்கியிருந்தது. குளியலறை வரைகூட நடக்க முடியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மா, "அந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வருது, வலிக்குதுன்னு சொன்னா அது மனசு நோகும்ல" என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறார்கள். அதனால் உங்கள் அப்பாவுக்காக நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

அன்றே அந்தப் பிசியோதெரபிஸ்டிடம் தனியாகப் பேசினேன். குறை சொல்வதாக இல்லாமல், பயிற்சிக்கு முன்பும் மறுநாள் காலையிலும் அம்மா பத்துக்கு எத்தனை வலி என்று சொன்னதை ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்டினேன். அவர் முறையை மாற்றிக்கொண்டார்: நாற்காலியில் உட்கார வைத்து, நல்ல காலால் மற்றக் காலைத் தானே மெதுவாகப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டு, பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக வலி மாத்திரை கொடுக்கத் தொடங்கினோம். எட்டே நாளில் 95 டிகிரி வந்தது. சொன்ன பிறகும் "வலி இல்லாம சரியாகுமா" என்று கேட்டுவிட்டு அதையே தொடர்கிறவராக இருந்தால், தயங்காமல் அறுவை செய்த மருத்துவரிடம் சொல்லி வேறொருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் வீணாகப் பயமுறுத்திய சில அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். முட்டி பல மாதம் தொட்டால் சூடாகவே இருக்கும். தையலின் வெளிப்பக்கம் ஒரு பகுதி மரத்துப் போயிருக்கும். நடக்கும்போது உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்கும். அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்வது. முதல் வாரங்களில் கன்றிய நீலம் கீழே கணுக்கால் வரை இறங்கும். அடுத்த பரிசோதனையின்போது இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

மூன்றாம் வாரம் வந்தது வேறு வகை வலி. முட்டியில் அல்ல, கெண்டைக்காலில். படுத்திருக்கும்போதும் வலித்தது. இரவெல்லாம் காலை உயர்த்தி வைத்தும் காலையில் வீக்கம் வடியவில்லை, தோல் இறுகி மினுமினுத்தது. நரம்பு பிடித்திருக்கும், நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தோடு வந்துவிட்டார். அதற்குள் வந்த அதே பிசியோதெரபிஸ்ட் காலைப் பார்த்ததும், "தேய்க்காதீங்க, இன்னிக்குப் பயிற்சி வேண்டாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், காலின் ஆழத்தில் ஓடும் ரத்தநாளத்தில் ரத்தக்கட்டி தெரிந்தது. அழுத்தித் தேய்த்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டு அம்மா தேறினார்.

ஆகவே கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், தையலிலிருந்து நீர் அல்லது சீழ் கசிதல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள்; மூட்டுக்குள் தொற்று இறங்கினால் மறுபடியும் அறுவை செய்ய நேரிடலாம் என்பதால் இவற்றையும் அன்றே காட்ட வேண்டும். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போவதும், கீழே விழுவதும், நேற்று வரை ஊன்றிய காலைத் திடீரென ஊன்ற முடியாமல் போவதும் இதே வகைதான்.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் உண்டு. தினமும் வந்து மின்கருவியை ஒட்டி வைத்துவிட்டு, அரை மணி நேரம் செல்போன் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த அறுவைக்குப் பிறகு கருவி துணைக்குத்தான், குணப்படுத்துவது பயிற்சி. உள்ளே உலோகம் இருப்பதால் ஷார்ட்வேவ் டயதெர்மி என்னும் ஆழ்வெப்பக் கருவியை அந்த முட்டியில் வைக்கவே கூடாது. பி.பி.டி. என்னும் பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவரா என்று கேட்பதில் தவறில்லை. வாரம் ஒருமுறையாவது கோணமானியால் அளந்து, எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு வாரம் கடந்தும் 90 டிகிரியைத் தாண்டாவிட்டால் ஒத்திப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு, அதைத் தாமதமாகச் செய்தால் பலன் குறைந்துவிடும்.

நாளை பிசியோதெரபிஸ்ட் வரும்போது, உங்கள் அப்பாவின் கண்ணீர் எப்போது நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கையை எடுத்த சிறிது நேரத்தில் தணிந்து, இரவு தூங்கி, காலையில் நடக்கிறார் என்றால் தொடரலாம். இரவு தூக்கமே இல்லை என்றால், காலையில் முட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் பிசியோதெரபிஸ்டிடமும், அவர் கேட்காவிட்டால் மருத்துவரிடமும் பேசுங்கள்.