வெளியே போய் வந்தால் சரியாகிவிடும் ஜலதோஷம்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சில மாதங்களாக எந்நேரமும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். பர்ஸில் பணம் குறைகிறது. வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அடிக்கடி ஜலதோஷம், உடம்புவலி என்று சுருண்டு படுக்கிறான். வெளியே போய் வந்தால் சரியாகிவிடுகிறது. போதைப் பழக்கமாக இருக்குமோ? அவன் இல்லாதபோது அலமாரியைக் குடைந்து பார்க்கட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அம்மா, கதவைச் சாத்திக்கொள்வது அந்த வயதில் சகஜம். மனச்சோர்வு இருந்தாலும் பிள்ளைகள் அப்படி ஒதுங்குவார்கள். அதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். என்னை உறுத்துவது அந்த ஜலதோஷம்தான். நிஜமான சளி வெளியே ஒரு நடை போய் வந்தால் போய்விடுமா?

ஹெராயினுக்கும், மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளுக்கும் உடம்பு பழகிவிட்டால், அதன் வேகம் குறையும்போது மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், உடம்பு சிலிர்க்கும், வயிறு கலக்கும். அடுத்த வேளை உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிடும். அவன் திரும்பி வந்ததும் கண்ணைக் கவனியுங்கள். மங்கலான வெளிச்சத்தில்கூடக் கண்ணின் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முழுக்கைச் சட்டை ஊசித் தழும்பை மறைக்கவும் இருக்கலாம். ஆனாலும் உறுதி செய்யவேண்டியவர் டாக்டர்தான்.

அலமாரியைக் குடைய வேண்டாம். பொட்டலம் கிடைத்தால் சண்டை வரும், கிடைக்காவிட்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துத் தனியாக உட்காருங்கள். "நீ போதை போடுகிறாயா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "உனக்கு உடம்பு முடியாமல் போவதும், வெளியே போனதும் சரியாவதும் எனக்குத் தெரிகிறது. பயமாக இருக்கிறது. என்னோடு டாக்டரிடம் வா" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு எழுந்து போய்விட்டால் விடுங்கள், அப்புறம் மறுபடி பேசுங்கள். மனநல மருத்துவர்களிடம் இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் அந்த வேதனையையும் ஏக்கத்தையும் தணிக்கும்.

தயவுசெய்து அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். சில நாள் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். அப்புறம் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். எப்போதாவது தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எதை எடுத்திருப்பான் என்ற சந்தேகத்தை வந்தவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற மாற்றுமருந்தை அவர்கள் நேரத்தில் கொடுக்க அது உதவும்.