கூலன்ட் எங்கே போகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூலன்ட், அதாவது எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவம், ஒழுகுவது பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 2008 சான்ட்ரோ. வாரம் அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. பானெட்டைத் திறந்ததுமே மெக்கானிக் "ஹெட் கேஸ்கெட் போச்சு, 18,000 ஆகும்" என்றார். செய்துவிடலாமா? (ஈரோடு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு. அவர் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் அதைச் சொல்லிவிட யாராலும் முடியாது. பிரஷர் டெஸ்ட் செய்தாரா என்று கேளுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டுவார்கள். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்பதுபோல ஓர் எண் இருக்கும். அந்த அளவுக்குக் காற்றடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப் என்று டார்ச் அடித்துத் தேடலாம். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசியும். சூடான எஞ்சின் மேல் பட்டு அங்கேயே காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டு விழாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்தாற்போல் தடம் மட்டும் இருக்கும்.

முள் அசையாமல் நின்றால், முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அழுத்தத்தைத் தாங்காது. கூலன்ட் சீக்கிரம் கொதித்து, ரிசர்வ் பாட்டில் வழியாக வெளியேறிவிடும். புது மூடி சில நூறு ரூபாய்தான்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டர் வாயில் இடைவிடாமல் குமிழி வருவது. சந்தேகம் தீராவிட்டால், ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பார்கள். எரிந்த பெட்ரோல் வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பார்ட்ஸுக்கு 18,000 ரூபாயை எடுத்துக் கொடுக்கிற நாம், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க 500 ரூபாய் கேட்டால் "பார்க்கிறதுக்கெல்லாம் காசா?" என்று சண்டைக்குப் போகிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லை என்றால், மெக்கானிக் பார்ட்ஸை மாற்றித்தான் சம்பாதிக்க முடியும். முதலில் மூடி, பிறகு ஹோஸ், அடுத்து ரேடியேட்டர், கடைசியில் ஹெட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதன் செலவு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது. கண்டுபிடிப்பதும் வேலைதான். அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள், முள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டெஸ்ட் செய்யக் கருவியே இல்லாத பட்டறையில் ஹெட்டைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டேன், நிற்கவில்லை. ஒழுக்கை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினேன், அதற்கும் நிற்கவில்லை. இரண்டாவது பாட்டில் ஊற்றலாமா? (கரூர்)

பதில்: கூடாது. அது ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். எல்லாவற்றையும் வடித்துக் கழுவிவிட்டு, மேலே சொன்ன டெஸ்ட்டைச் செய்யுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. புது ரேடியேட்டர் என்று 7,500 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகியது. வேறு மெக்கானிக் கழற்றிப் பார்த்து, "இது பழசும்மா, பசை வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்" என்றார். பில் தரவில்லை, போனில்தான் பணம் அனுப்பினேன். (தஞ்சாவூர்)

பதில்: அம்மா, பில் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். நீங்கள் பணம் அனுப்பிய பதிவே சான்று. கேட்டும் பில் தராததை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அந்த ரேடியேட்டரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். பசையும் பெயின்ட்டும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் தான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.

நானும் ஒரு ரேடியேட்டரில் ஏமாந்தவன். "கம்பெனி சரக்குதான், பெட்டி மட்டும் வேறு" என்று சொல்லி விற்றார்கள். ஒரு கோடைகூடத் தாங்காமல் பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு விட்டுவிட்டது. பில்லில் வெறுமனே "பார்ட்ஸ்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, "இது எங்கள் கடைப் பொருள் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கடைக்காரர் கையை விரித்தார். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: பொருளின் பெயர், பார்ட் நம்பர், வாரன்டி மூன்றும் பில்லில் இருக்கட்டும். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சூட்டு முள் சிவப்புக்குப் போனது. வீடு 6 கி.மீ.தானே என்று ஓட்டி வந்துவிட்டேன். இப்போது ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. கூலன்ட் ஊற்றினால் சரியாகுமா? (மதுரை)

பதில்: ஆகாது. முள் ஏறியதும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸோடு போயிருக்கும். முள்ளை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும். ஆயிலில் கூலன்ட் கலந்திருப்பதால் இனி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கட்டி இழுத்துப் போங்கள். ஹெட்டைக் கழற்றியதும் லேத்தில் கொடுத்து வளைவும் விரிசலும் பார்க்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள். முதலில் ஒழுகிய இடத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் இதே செலவு திரும்ப வரும்.

கேள்வி: முன்சீட்டில் கால் வைக்கும் இடம் ஈரம், பிசுபிசுப்பு, இனிப்பு வாசனை. கண்ணாடி உள்ளே எண்ணெய் பூசியதுபோல் மங்குகிறது. கோவையில் காட்டியதற்கு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்கிறார்கள். (கோத்தகிரி)

பதில்: டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. கோவையில் ஓட்டுபவருக்கு அவர்கள் சொல்லும் வழி போதும். பனி மூடும் மலைப்பாதையில் கண்ணாடியைத் தெளியவைக்க உங்களுக்கு ஹீட்டர் வேண்டும், கோரையே மாற்றுங்கள். டாஷ்போர்டைக் கழற்றும் வேலை இருந்தால் கூலி அதிகமாகும், முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். காலடியில் விரித்த மேட்டை நன்றாகக் கழுவுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் ஆபத்து.

கேள்வி: பச்சைக் கூலன்ட் இருக்கிறது. சிவப்பை ஊற்றி நிரப்பலாமா? (சேலம்)

பதில்: நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம். கார் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். தண்ணீர் கலக்க வேண்டியது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான். போர் தண்ணீர் உள்ளே உப்புப் படியவைக்கும்.

கேள்வி: ஏசி போட்டு நிறுத்தினால் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. நிறமோ வாசனையோ இல்லை. ரேடியேட்டரா? (சென்னை)

பதில்: ஏசி தண்ணீர். செலவு செய்யாதீர்கள்.