பேக்கேஜை மாற்றுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்

வீட்டு இணையம், கடை, ஒஃபிஸ், பள்ளிக்கூட நெட்வேர்க் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டக்களப்பு கல்லடியிலிருந்து நெட்வேர்க் வேலை செய்யும் நமது பத்தியாளர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: பின்னேரத்தில் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஸூமில் கணிதம் படிப்பிக்கிறேன். ஃபைபர் இணைப்புத்தான். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90 காட்டுது. ஆனாலும் சில நேரம் "டீச்சர், குரல் வெட்டுது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கொம்பனிக்கு கோல் எடுத்தால் பெரிய பேக்கேஜுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா? (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். ஒரு ஆளின் குரல் போய்ச்சேர நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவையில்லை. 90 மெகாபிட் லைனில் குரல் வெட்டுப்பட்டால் குறை வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று பார்த்துவிட்டுக் காசைச் செலவழிப்போம்.

வகுப்பு எடுக்கும் கொம்பியூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்பு விண்டோக்கள் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் கட்டளை அது). அந்த முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. மற்றதில் 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்குக் கொடுங்கள். முகவரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியும் ஆங்கில 'டி' எழுத்தும் போட்டால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று வரும். வகுப்பு முடியும்வரை இரண்டும் ஓடட்டும்.

குரல் வெட்டும் நேரத்தில் ரவுட்டரின் கணக்கே 2, 3 என்று இருந்துவிட்டு 200க்குப் பாய்ந்தால் பிரச்சினை வீட்டுக்குள்ளே, வைஃபையில். ரவுட்டரின் கணக்கு அசையாமல் நிற்க, 8.8.8.8 மட்டும் 40இலிருந்து 800, 900 என்று ஏறினால் வெளியே போகும் லைனில் வரிசை நிற்கிறது என்று அர்த்தம். எனக்குப் படுவது இரண்டாவது. ஏனென்றால் "சில நேரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய ஃபோனோ அன்றைக்கு எடுத்த வீடியோக்களை கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் சொன்ன 90 இறக்க (டவுன்லோட்) வேகம். ஏற்ற (அப்லோட்) வேகம் பல பேக்கேஜ்களில் அதில் பாதிதான், சிலவற்றில் இன்னும் குறைவு. ஏற்றம் நிரம்பினால் ரவுட்டர் மிச்சப் பொதிகளை (இணையத்தில் போகும் தரவுத் துண்டுகளை)க் கைவிடாமல் தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கத் தொடங்கும். பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டும் போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லொறி வரிசைக்குப் பின்னால் வந்தால் அம்புலன்சும் நின்றுதான் போக வேண்டும். உங்கள் குரலுக்கு நடப்பது அதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் குரலுக்கு ஒருவழிப் பயண நேரம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்கிறது. முக்கால் செக்கன் வரிசையில் நின்றுவிட்டு வரும் குரல்துண்டு ஸூமுக்கு உதவாது. அதைக் கைவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அது வெட்டாகக் கேட்கிறது. இந்த வியாதிக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

நெரிசல் இணையத்துக்குப் புதிதில்லை. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், வெறும் 400 யார் தூரத்தில், நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த ஓட்டம் 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி எதுவும் அறவில்லை. பதில் வராத கணினிகள் அதே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பி லைனை அடைத்துவிட்டன. அனுப்புகிறவரே நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை அந்த ஆய்வுகூடத்தின் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்டார். இன்றும் உங்கள் ஃபோன் அந்த அடிப்படையில்தான் நடந்துகொள்கிறது. ஆனால் பொதி ஒன்று தொலைந்தால்தான் பல கருவிகளுக்கு நெரிசல் தெரியவரும். ரவுட்டர் எதையும் தொலைக்காமல் அடுக்கி வைத்தால் ஃபோனுக்கு எப்படித் தெரியும்? அதனால் 2012இல் அதே ஜேக்கப்சனும் கத்லீன் நிக்கல்ஸும் கோடல் என்ற முறையைத் தந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பொதி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கும். அந்தக் காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காமல் நீடித்தால் பொதியைக் கைவிடத் தொடங்கும். ஃபோனும் உடனே அடங்கும்.

உங்கள் ரவுட்டரின் செட்டிங்கில், கோடல் போன்ற முறையால் வரிசையை அடக்கும் எஸ்.கியூ.எம். என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நீங்கள் அளந்த ஏற்ற வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை அதில் கொடுங்கள். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்தான் வரிசை உங்கள் ரவுட்டரின் கைக்குள் நிற்கும். கொம்பனி தரும் பெட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் வகுப்பு நேரத்தில் எல்லா ஃபோனிலும் ஃபோட்டோ பேக்கப்பை நிறுத்திவிடுங்கள், உங்கள் கொம்பியூட்டரை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் 8.8.8.8 ஏறி இறங்கினால், அந்த விண்டோவைப் படம் எடுத்துக் கொம்பனிக்கு அனுப்புங்கள். "ஸ்லோவாக இருக்கு" என்று சொல்வதைவிட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஃபோனில் பார்த்தால் பக்கத்து வைஃபைகள் வரிசையாகத் தெரியும். எக்ஸ்டெண்டர் வாங்கிப் போட்டும் மேல்மாடியில் இழுபடுது. (வாசகர், காத்தான்குடி)

வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இவற்றில் நெரிசல் குறைந்ததை எடுங்கள். 3, 4 என்று நடுவில் போகாதீர்கள், இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்கே வரும். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டக் கஷ்டப்படும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். உங்கள் தெருவில் அது நல்லதுதான், பக்கத்து வீட்டுக்காரரின் அலையும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. எக்ஸ்டெண்டர் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்பினால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மேல்மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அதன் முனையில் ஒரு எக்ஸஸ் பொயின்ட் (கேபிளிலிருந்து வைஃபை தரும் பெட்டி) போடுங்கள்.

கேள்வி: தம்பி, நம்மட நெல் மில்லில் ஒஃபிசுக்கும் தராசு அறைக்கும் கேபிள் இழுத்திருக்கு, 130 மீற்றர் வரும். லைன் விட்டு விட்டு வருது. மாரி தொடங்கினால் இடி மின்னலுக்கு நெட்வேர்க் சுவிட்ச் எரியிறதும் வழக்கமாப் போச்சு. நல்ல சுவிட்ச் ஒன்று சொல்லுங்கள். (மில் உரிமையாளர், சம்மாந்துறை)

காக்கா, சுவிட்சில் குறை இல்லை. எந்தப் பெரிய சுவிட்ச் வாங்கினாலும் அடுத்த ஐப்பசி இடிக்கு அதுவும் போகும்.

இந்தச் செப்பு நெட்வேர்க் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர், இரு முனையிலும் செருகும் சிறு துண்டுகளையும் சேர்த்து. அதற்கு மேல் வேலை செய்தால் அது அதிர்ஷ்டம், நம்பி பில் போட முடியாது. மின்னல் நேரே உங்கள் வளவில் விழ வேண்டியதும் இல்லை. கொஞ்சம் தள்ளி விழுந்தாலே நீண்ட செப்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையில் உண்டாகும் வித்தியாசமும் அந்தக் கம்பி வழியாகத்தான் பாயும்.

அதனால் இரண்டு கட்டடத்துக்கும் இடையில் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, 130 மீற்றர் அதற்கு ஒரு தூரமே இல்லை. சிங்கிள்மோட் கேபிளாகக் கேளுங்கள். இரு முனைக்கும் மீடியா கன்வேர்ட்டர் (ஒளியைச் செப்புக் கேபிளின் சிக்னலாக மாற்றும் பெட்டி) வேண்டும். ஒரே இழையில் ஓடும் வகை என்றால் ஒன்று 'ஏ', மற்றது 'பி' என்று சோடியாக இருக்க வேண்டும். இரண்டும் 'ஏ' ஆக வந்தால் லைட்டே பற்றாது, கடையில் வைத்தே பார்த்து வாங்குங்கள்.

வேலைக்காரர் கவனிக்காமல் விடக்கூடிய இடம் ஒன்று உண்டு. வெளியே இழுக்கும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காகப் பெரும்பாலும் ஒரு இரும்புக் கம்பியும் சேர்ந்து ஓடும். அதை உள்ளே பெட்டிவரை கொண்டுவந்தால் மின்னலுக்கு நாமே வழி திறந்துவிட்டதாகும். அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கரண்ட் வயர் வழியாக வரும் தாக்கத்துக்கு சேர்ஜ் பாதுகாப்பும் சரியான எர்த்தும் தனியாக வேண்டும்.

அப்புறம் உமித்தூசி. ஒளி போகும் இழையின் மையம் 9 மைக்ரோன்தான், தலைமயிரை விட மிக மெல்லியது. ஒரு தூசு முனையில் ஒட்டினாலே ஒளி தடைப்படும். கழற்றினால் உடனே மூடியைப் போட வேண்டும். கன்வேர்ட்டரை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஃபேன் இல்லாத வகையாக எடுத்தால் தூசியை உள்ளே இழுக்காது.

கேள்வி: விடுமுறைக்குப் பிறகு கணினி அறையைத் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டினோம். அன்றிலிருந்து எந்தக் கொம்பியூட்டரிலும் நெட்வேர்க் வேலை செய்யவில்லை. சுவிட்சில் எல்லா லைட்டும் சேர்ந்து விடாமல் மின்னுகிறது. (ஆசிரியர், வாழைச்சேனை)

லைட்டைக் கவனித்து எழுதியதற்கு நன்றி சேர், பதில் அதில்தான் இருக்கிறது. ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கும், அல்லது இரண்டு சுவிட்சுக்கு நடுவில் இரண்டு கேபிள் ஓடும். எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு பொதி அந்த வட்டத்துக்குள் போனால் சுற்றிக்கொண்டே பெருகும், அதை நிறுத்த ஈதர்நெட்டில் (இந்தக் கேபிள் நெட்வேர்க் ஓடும் முறையில்) ஏற்பாடு இல்லை. 1985இல் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் இதற்காகவே ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு வாங்கும் மலிவான சுவிட்சுகளில் அது பொதுவாக இருப்பதில்லை. கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் லைட்டுகள் அடங்குகின்றனவோ அதுதான் ஆள். பிறகு ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கொண்டே செய்யலாம், அவர்களுக்கு அது நல்ல பாடமும்கூட.

கேள்வி: 4ஜி ரவுட்டர். விடிய நல்ல வேகம், இரவில் ஒன்றுமே இல்லை. வெளியே அன்டெனா பூட்டினால் சரிவருமா? (வாசகி, திருக்கோவில்)

விடிய 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் வேகத்தையும், ரவுட்டர் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற சிக்னல் பலத்தின் அளவையும் குறித்து வையுங்கள் தங்கச்சி. அந்த அளவு மைனஸ் 110 பக்கம் இருந்தால் சிக்னல் பலவீனம், அன்டெனா உதவும். மைனஸ் 80 பக்கமே இரு நேரமும் நின்று, வேகம் மட்டும் இரவில் விழுந்தால் அந்தக் கோபுரத்தில் ஆள் கூடிவிட்டது. அதற்கு அன்டெனாவுக்குக் காசு போடாதீர்கள். பக்கத்து வீட்டில் வேறு கொம்பனியின் சிம் இருந்தால் ஒரு இரவு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் கடை. கிகாபிட் சுவிட்ச் வாங்கிப் பூட்டியும் ஒரு கொம்பியூட்டர் மட்டும் 100தான் காட்டுகிறது. (வர்த்தகர், கல்லடி)

100க்குக் கேபிளில் இரண்டு சோடி வயர் போதும். 1000க்கு நான்கு சோடியும், அதாவது எட்டு வயரும், வேண்டும். எங்கோ ஒரு வயர் தொடவில்லை. நம் உப்புக்காற்றில் முதலில் கெடுவது முனைகள். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பொன்நிறப் பற்களில் பச்சை படிந்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுமுனை அடிக்க வேண்டும்.

முனை அடிக்கும்போது ஒரு வயரை பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்பு முலாம் பூசிய அலுமினியம். செப்பு என்று சொல்லி இதை விற்பது எனக்குப் பொறுக்கவே முடியாத விசயம், ஏனென்றால் கடற்கரையில் அது சீக்கிரம் அரித்துப்போகும், வாங்கியவர் சுவிட்சையும் கொம்பியூட்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பார். உங்களுடையது அலுமினியமாக இருந்தால் புதுமுனை அடித்துப் பிரயோசனமில்லை, முழுச் செப்பில் அந்த ஓட்டத்தை மாற்றுங்கள். செப்பாக இருந்து, முனை மாற்றியும் 100தான் என்றால் சுவர் சொக்கெட்டைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.