பலூன் ஊதியாச்சு, இனி கோர்ட்: ஓய்வுபெற்ற முதலியார் ஒருவரின் கேள்வி பதில்

இலங்கை மலையகத்து நீதவான் நீதிமன்றங்களில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருபத்தேழு வருடம் நின்றவன் நான். சட்டத்தரணி இல்லை. உங்கள் வழக்கைப் பேச என்னால் முடியாது. ஆனால் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து த்ரீவீல் ஓட்டும் தம்பி: சனிக்கிழமை இரவு பிடித்தார்கள். குடித்திருக்கிறேனா என்று பார்க்கும் பலூனை ஊதினேன், நிறம் மாறிவிட்டது. பொலிஸ் பிணையில் விட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வழக்கு. தபால் கந்தோரில் தண்டம் கட்டி முடிக்க முடியாதா ஐயா?

முடியாது தம்பி. தபால் கந்தோரில் கட்டுவது அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் சின்னக் குற்றங்களுக்கு. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. நீதவான் முன்னால் நின்றே ஆக வேண்டும். யாருக்கும் காயமில்லாத வழக்கு என்றால் தண்டம் 25,000 முதல் 30,000 ரூபாய் வரை. மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம், லைசன்ஸை 12 மாதம் வரை நிறுத்தியும் வைக்கலாம். நீங்கள் தண்டத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். த்ரீவீல் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு லைசன்ஸ்தான் சோறு. தண்டத்தைக் கடன் வாங்கியாவது கட்டலாம், லைசன்ஸை யாரிடம் கடன் வாங்குவது? அதைப் பற்றி நீதவானிடம் எடுத்துச் சொல்லத்தான் சட்டத்தரணி வேண்டும்.

திங்கட்கிழமையே போய்ப் பாருங்கள். செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு கோர்ட் வாசலில் லோயர் தேடினால், உங்கள் பெயரைக் கேட்டு எழுதவே அவருக்கு நேரம் போதாது. பிணைக் கடதாசி, லைசன்ஸை எடுத்துக்கொண்டு கொடுத்த துண்டு, வாகனப் புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். எத்தனை மணிக்கு மறித்தார்கள், எத்தனை மணிக்கு ஊதினீர்கள், டாக்டரிடம் கொண்டுபோனார்களா, கூட யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாளை மறந்துவிடும்.

அப்புறம் ஒன்று, இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்: கோர்ட் கேட்டுக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக் கடை வாசலில், "எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்று சொல்லும் தரகரிடம் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: என் வீட்டுக்காரருக்கு சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பொலிஸில் சிங்களத்தில் எழுதி கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. இதுக்கு மேல் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம் தங்கச்சி. கடையில் பேசுகிற சிங்களம் வேறு, வாக்குமூலத்தில் எழுதுகிற சிங்களம் வேறு. அதை வாசிக்கத் தெரியாததில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு மனிதர், பிள்ளையின் கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குற்றவாளிக் கூட்டில் ஏறினார், செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு. குற்றப்பத்திரிகையில் மூன்று குற்றச்சாட்டு: குடித்து ஓட்டியது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது, ஆபத்தான முறையில் ஓட்டியது. முதலாவதை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, "ஒத்துக்கிறேன் ஐயா" என்று கும்பிட்டார். இரண்டாவதற்கும் கும்பிடு. மூன்றாவதற்கும். தண்டம் விதித்த பிறகு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே, ஏன் அதுக்கும் போட்டாங்க?" என்று கேட்டார். கடதாசி சட்டைப் பையிலேயே மடித்து இருந்தது. அவர் பக்கம் ஒரு சட்டத்தரணி நின்றிருந்தால் அரை நிமிட வேலை. இன்றைக்கும் அந்த மடிப்பு எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் பேசும் மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பு கேட்பது அவருடைய உரிமை, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. காசு கொடுக்கத் தேவையில்லை. வாக்குமூலத்தில் இருப்பது தனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை என்பதை அவர் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். இனிமேல் யாருக்கு நடந்தாலும்: "தமிழில் வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்து வைக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து: ஊத மாட்டேன் என்று சொன்னால்?

அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். மறுக்காதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து: குளிருக்கு ஒரு கால் போத்தல் ஏறவே ஏறாது என்கிறார்கள். எலுமிச்சங்காய்த் தண்ணி குடித்தால், பச்சைத் தண்ணீரில் குளித்தால் இறங்கிவிடுமா?

இல்லை. குளிருக்கும் இரத்தத்தில் உள்ள மதுவுக்கும் சம்பந்தமில்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம், இதுதான் எல்லை. உடம்பு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் கழிக்கும். இரவு பதினொரு மணிக்கு 160 இருந்தால், விடியற்காலை நாலு மணிக்குக்கூட எல்லைக்குள் வந்திருக்க மாட்டீர்கள். முதல் பஸ்ஸை எடுக்கிற சாரதிகள் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து: லோயருக்குக் கொடுக்கக் காசில்லை. தோட்டச் சம்பளம்தான்.

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் அமைத்த அரச நிறுவனம். வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. சம்பளச் சிட்டை, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை, பொலிஸ் கொடுத்த கடதாசி கொண்டுபோங்கள். வழக்கு நாளுக்கு முதல் நாள் போகாதீர்கள், கடதாசி கிடைத்த கையோடு போங்கள்.

நோர்வூட்டிலிருந்து: தபால் கந்தோரில் கட்டலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

றம்பொடையிலிருந்து ஒரு அண்ணன்: எல்லாருக்கும் வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள். என் தம்பியை வாகனத்தில் அடித்து உயிரை எடுத்தவன் குடித்திருந்தான். அவன் லோயரோடு வந்தான், நாங்கள் கடைசி வாங்கில் சும்மா இருந்தோம். குடித்து ஓட்டினவனுக்கு எதற்கு ஐயா சட்ட உதவி?

உங்கள் தம்பிக்கு நடந்ததற்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் போதாது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கடைசி வாங்கில் சும்மா இருந்திருக்கத் தேவையில்லை என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 260ஆம் பிரிவில் இரண்டு உரிமை ஒன்றாக இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் சட்டத்தரணி வைக்கலாம், பாதிக்கப்பட்டவரும் வைக்கலாம். உயிர் போன வழக்கில் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும் வரும், ஐந்து வருடம் வரை சிறை.

பதுளையிலிருந்து இன்னொருவர்: அண்ணன் சொல்வது சரி. லோயர் வந்தால் தப்பிக்கத்தானே வழி தேடுவார்? எல்லாரையும் "குற்றவாளி இல்லை" என்று சொல்லச் சொல்கிறீர்களா?

நான் ஒரு இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை. குடித்திருந்தால், பரிசோதனை ஒழுங்காக நடந்திருந்தால், உண்மையைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே ஒத்துக்கொள்ளச் சொல்வார். ஒத்துக்கொண்ட பிறகும் அவருக்கு வேலை இருக்கிறது: முதல் குற்றமா, பிள்ளைகள் எத்தனை, பிழைப்பு என்ன என்று எடுத்துச் சொல்வார். எதை ஒத்துக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பேச்சு. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் குடித்தது உண்மை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது பொய். பொய்க்கும் சேர்த்து அவர் தண்டம் கட்டினார்.

றம்பொடை அண்ணன்: 260 பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. இனியும் லோயர் வைக்கலாமா?

வைக்கலாம் அண்ணே. அடுத்த தவணைக்கு முன்னால் வையுங்கள். மரண விசாரணை அறிக்கை, வழக்கு இலக்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நட்டஈடு வேறு வழக்கு, அதையும் அவரிடமே கேளுங்கள். காசுக்குக் கஷ்டமென்றால் மஸ்கெலியாக்காரருக்குச் சொன்ன அதே இடம்தான்.

கொழும்பிலிருந்து: ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வந்தபோது பிடிபட்டேன். கொழும்பு லோயரைக் கூட்டி வரலாமா? தவணைக்கு வராமல் விட்டால்?

கூட்டி வரலாம். வராமல் விட்டால் பிடியாணை.

கொட்டகலையிலிருந்து: தீர்ப்பு வந்துவிட்டது. மேன்முறையீடு?

14 நாளுக்குள். இன்றைக்கே சட்டத்தரணியைப் பாருங்கள், இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

வட்டவளையிலிருந்து: வாகனம் நொறுங்கிவிட்டது, இன்சூரன்ஸ் கொடுப்பார்களா?

பாலிசியை வாசியுங்கள். குடித்திருந்தால் சொந்த வாகனத்தின் சேதத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்று பொதுவாக எழுதியிருக்கும்.

பொகவந்தலாவையிலிருந்து: ஒரு அண்ணன் பத்தாயிரம் கொடுத்தால் வழக்கே கூப்பிடாமல் முடித்துத் தருகிறேன் என்கிறார். தபாலில் கட்டுகிற மாதிரி மாற்றித் தருவாராம்.

தரகர், தபால் கந்தோர், இரண்டும் ஒரே கேள்வியில். தம்பி, அந்த ஆளுக்கு ஒரு சதம் கொடுக்காதீர்கள். வழக்கைக் கூப்பிடும்போது நீங்கள் இல்லையென்றால் பிடியாணை உங்கள் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு இல்லை.

தலவாக்கலைத் தங்கச்சி மறுபடியும்: ஐயா, நாளைக்கே வழக்கு. சட்டத்தரணி ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இவருக்கு இப்பவே கை நடுங்குகிறது.

நல்லது. எட்டரைக்கே போய்விடுங்கள். பெயர் கூப்பிட முதலே முதலியாரைத் தேடிப்போய், "எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும்" என்று இவரே சொல்லட்டும். கூட்டில் ஏறியதும் நீதவானைப் பார்த்து நிற்கட்டும், ஆனால் காது முதலியார் பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தமிழில் கடைசிச் சொல்வரை கேட்ட பிறகு, சட்டத்தரணியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வாயைத் திறக்கட்டும்.