சட்டியில் வரும் லாபம் கையெழுத்தில் போகிறது

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். ஒரு வருடமாக வீட்டிலேயே ஒரே தேக்சாவில் மதியச் சோறு ஆக்கிப் பொட்டலம் போட்டு விற்கிறேன். ஒரு நாள் தக்காளிச் சோறு, ஒரு நாள் சாம்பார் சோறு, ஒரு நாள் தேங்காய்ப்பால் சோறு, செவ்வாய், வியாழனில் கணவாய்ச் சோறு. படகுப் பட்டறை, ஐஸ் கம்பெனி, பள்ளிக்கூடம் என்று 30 பேர் வாடிக்கை. பொட்டலம் 60 ரூபாய். எங்கள் வீட்டு ஐந்து பேருக்கும், நாத்தனார் வீட்டு நாலு பேருக்கும் மதியம் அதே சட்டிதான். மாதம் 45,000 வருகிறது, ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அரிசி, பருப்பு எல்லாம் கடையில் கணக்கு வைத்துத்தான் வாங்குகிறேன். பெரிய அடுப்பு, மின்சாரக் குக்கர் வாங்க ஒரு லட்சம் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். வீடியோ பார்த்துவிட்டு ஆறு மாதமாக தினம் 50 ரூபாய் டிஜிட்டல் தங்கத்தில் போடுகிறேன். குழுக் கடன் இரண்டு ஓடுகிறது. என்னுடையது 40,000, வாரம் 490. நாத்தனார் மகன் கத்தார் போக என் பெயரில் எடுத்துக் கொடுத்தது 60,000, வாரம் 730, இரண்டு வருடம். நாத்தனார் ஏழு மாதம் ஒழுங்காகக் கட்டினார். கடைசி ஐந்து மாதமாகத் தண்டல் (பத்தாயிரம், தினம் 100 திருப்ப வேண்டும்) வாங்கி நான் கட்டுகிறேன். இப்போது அவர் வீட்டுக்குத் தளம் போட இன்னொரு 80,000 என் பெயரில் எடுத்துத் தரச் சொல்கிறார். அது குடும்ப விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பு வாங்கலாமா, தங்கத்தைக் கூட்டலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அடுப்பு வேண்டாம். தங்கத்தையும் கூட்ட வேண்டாம். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லியாயிற்று. இனி, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் ஒதுக்கி வைத்ததைப் பற்றிப் பேசலாம். உங்கள் பணம் போவது அந்த வழியில்தான்.

முதலில் சட்டிக் கணக்கு. 45,000 என்பது உங்கள் வருமானம் அல்ல, விற்பனை. ஒரு நாளைக்கு 1,800 வருகிறது. செலவைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கிறேன், உங்கள் ஊர் விலைக்கு நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். 30 பொட்டலமும் இரண்டு வீட்டுச் சாப்பாடும் சேர்த்து 5 கிலோ அரிசி, 280. பருப்பு, புளி, மசாலா 250. காய்கறி 150. எண்ணெய் 120. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, அப்பளம் 120. எரிவாயு 100. இலை, தாள், பை 80. ஆக 1,100. மிச்சம் 700. மாதம் 25 நாள் என்றால் 17,500.

இது நல்ல வருமானம், சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஒன்பது பேரின் மதியச் சாப்பாட்டுச் செலவு இதற்குள்ளேயே கழிந்துவிடுகிறது. ஒரே சட்டி என்பதால் அடுப்பு ஒன்று, கழுவும் பாத்திரம் கொஞ்சம், உதவிக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை. சோறு, குழம்பு, ரசம், கூட்டு என்று சாப்பாட்டு வியாபாரத்தில் இறங்கியவர்கள் பலர் ஆள் கூலியிலும் எரிவாயுவிலும் கையைச் சுட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: செவ்வாயும் வியாழனும் சட்டியில் விழும் கணவாய்க்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை. திங்கள், புதன் கடலுக்குப் போகும் கணவர் மறுநாள் காலையில் கறிக்கென்று கொண்டுவருவது அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அது நின்றுவிடும். அப்போது அந்த இரண்டு நாளும் தக்காளிச் சோறோ சாம்பார் சோறோதான். கணவாயை விலைக்கு வாங்கி 60 ரூபாய்க்குக் கொடுத்தால் கட்டாது.

சரி, இந்த 17,500 எங்கே போகிறது? இரண்டு குழுக் கடனுக்கும் வாரம் 1,220, மாதம் 5,300 வரும். தண்டலுக்கு தினம் 100, மாதம் 3,000. தங்கத்துக்கு 1,500. மொத்தம் 9,800. மீதி 7,700-ல் பள்ளிக்கூடம், கரண்ட் பில், ராத்திரிச் சாப்பாடு, மருந்து எல்லாம் பார்க்க வேண்டும். கணவர் பங்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கடையில் கணக்கு ஏறுவது இதனால்தான்.

அந்த 9,800-ல் நாத்தனாருக்காகப் போவது எவ்வளவு? அவருடைய கடன் தவணை 3,160, அதைக் கட்டுவதற்காக வாங்கிய தண்டல் 3,000. ஆக 6,160. நீங்கள் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 35 ரூபாய் இன்னொரு வீட்டுக் கடனுக்குப் போகிறது. உங்கள் சொந்தக் கடன் தவணையைப் போல் இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

தண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே பிடிக்கிறார்கள்" என்று பலரும் நினைக்கிறார்கள். 15 சதவீத வட்டி என்றே வைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கையில் வருவது 8,500. மறுநாளிலிருந்தே 100, 100 என்று திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஐம்பதாவது நாளிலேயே பாதிக்கு மேல் திரும்பப் போய்விடுகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம், அதுவும் 100 நாளைக்கு. அதற்கு வட்டி 1,500. ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஐந்து மாதத்தில் இரண்டு தண்டல், கையில் வந்தது 17,000, திருப்பிக் கட்ட வேண்டியது 20,000. ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி வருகிற குழுக் கடனின் தவணையைக் கட்ட நூறு சதவீதக் கடன் வாங்கியிருக்கிறீர்கள், அதுவும் அடுத்தவர் கடனுக்காக.

ஓடுகிற தண்டலை முன்கூட்டியே முடிக்க அலைய வேண்டாம். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள், சீக்கிரம் கட்டினாலும் ஒரு பைசா குறையாது. இரண்டாவது தண்டல் பாதி முடிந்திருக்க வேண்டும், மீதி சுமார் 5,000. அதை அதன் போக்கில் கட்டி முடியுங்கள். மூன்றாவது வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது நாத்தனார் கேட்கும் 80,000. இதே வட்டிக்கு வாரம் 970 வரும். மூன்று கடனும் சேர்ந்தால் மாதம் 9,500, தண்டலோடு 12,500. சட்டி தரும் 17,500-ல் மிஞ்சுவது 5,000. தடைக்காலமும் தொடங்கிவிட்டால்? அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் நுண்கடன் நிறுவனங்களுக்கு விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் தண்டல் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, கணவரின் பங்கும் வாய்ச்சொல் கணக்குதான். அதனால் நிறுவனத்தின் பார்வையில் உங்களுக்கு இன்னும் கடன் தாங்கும் என்றே தெரியும். தாங்காது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நாத்தனார் குடும்பம் கஷ்டத்தில் இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மகன் கத்தாரில் இருக்கிறார், வீட்டுக்குத் தளம் போடும் நினைப்பு வந்திருக்கிறது. வாரம் 730 கட்ட முடியாத வீட்டில் தளம் போடும் பேச்சு எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. கட்ட முடியாமல் நிறுத்தினார் என்று தோன்றவில்லை. நிறுத்தினாலும் நீங்கள் கட்டிவிடுவீர்கள் என்று தெரிந்துகொண்டுவிட்டார். காகிதத்தில் அவர் பெயர் எங்குமே இல்லை, இருப்பது உங்கள் பெயரும் குழுவில் உங்களோடு உட்காரும் பெண்களின் பெயரும்தான்.

மதியச் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சட்டியில் நாலு பேருக்கு அரைக் கிலோ அரிசி கூடப் போடுவது உங்களுக்குப் பெரிய செலவில்லை, உறவுக்கும் நல்லது. சோறு போடுங்கள், கையெழுத்து போடாதீர்கள்.

இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், கணவர் சொல்லட்டும். அவருக்கு அக்கா, அவர்தான் பேச வேண்டும். நீங்கள் சொன்னால் "வந்தவள் தடுத்துவிட்டாள்" என்று ஆகிவிடும். "அக்கா, மாப்பிள்ளை போன கடனே இன்னும் ஒரு வருசம் ஓடணும். அத முடிக்காம இன்னொண்ணு எடுக்க முடியாது" என்றால் போதும். கூடவே இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள். பாக்கி 52 வாரம். வாரந்தோறும் அக்கா வீட்டு வாசலில் நின்று 730 கேட்பது நடக்காத காரியம். மகன் சம்பளம் வந்ததும் மாதம் 3,200 உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பட்டும். அவரால் முடிந்தால் மொத்தமாகவே முடித்துவிடலாம். பாதிக் காலம் போய்விட்டதால் அசல் 33,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். நுண்கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் போடக் கூடாது என்பதும் அதே 2022 விதியில் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே கட்டிய சுமார் 16,000-ஐ இந்தப் பேச்சில் இழுக்க வேண்டாம். அதையும் சேர்த்துக் கேட்டால் சண்டையாகி இனி வர வேண்டியதும் வராமல் போகும்.

அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? அப்போதும் 730-ஐ நீங்கள்தான் கட்டியாக வேண்டும், உங்கள் பெயர் கெடக் கூடாது. ஆனால் தண்டல் வாங்காமல் சட்டி லாபத்திலிருந்தே கட்டுங்கள். தங்கத்தில் போடும் 1,500 நின்று, 50 நாளில் தண்டலின் 3,000-மும் நின்றுவிட்டால் மாதம் 4,500 கையில் வருகிறது. 3,160 கட்டிய பிறகும் மிஞ்சும்.

டிஜிட்டல் தங்கம்: இதுவரை 9,000 போட்டிருப்பீர்கள். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி, 270 ரூபாய் போயிற்று. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் கம்பெனி எடுத்துக்கொள்வது தனி. தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராத பொருள் இது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. அதெல்லாம் இருக்கட்டும், தினம் 50 ரூபாயைத் தங்கத்தில் போட்டுக்கொண்டே தினம் 100 ரூபாய் தண்டல் கட்டுகிறவருக்கு எந்தத் தங்கமும் லாபம் தராது. விற்றுவிடுங்கள்.

அந்தக் காசுக்கு நல்ல வேலை இருக்கிறது. ஐந்தாயிரத்துக்கு அரிசி ஒரு சிப்பம், பருப்பு, எண்ணெய் என்று ரொக்கத்துக்கு வாங்கிப் போடுங்கள். கணக்குக் கடையில் கிலோவுக்கு மூன்று, நாலு ரூபாய் கூடப் போடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ரொக்கம் என்றால் விலை பேசலாம், மாதம் எழுநூறு, எண்ணூறாவது மிஞ்சும். புது முண்டு மிளகாய் வத்தல் சந்தைக்கு வரும்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் மாவட்டத்து வத்தல், அதை மழைக்காலத்தில் நூறு நூறு கிராமாக வாங்குவது வீண் செலவு. சோறு விற்ற காசிலிருந்து அந்த ஐந்தாயிரத்தைத் திரும்ப எடுத்து, சட்டிக்கு முதலாகத் தனி டப்பாவில் வையுங்கள், குழுத் தவணைக்கு அதில் கை வைக்காதீர்கள்.

அடுப்பு ஏன் வேண்டாம் என்றால், உங்களுக்கு இடிப்பது பாத்திரம் இல்லை. 30 பேருக்கு ஆக்குகிற தேக்சா போதும். எப்போதாவது 100 பேருக்கு ஆர்டர் வந்தால் வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி ஆட்கள் குறைவார்கள், ஆனால் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதால் பட்டறையில் ஆள் கூடும். அங்கே இன்னும் பத்துப் பொட்டலம் போகுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பத்துப் பொட்டலம் கூடுவதற்கு ஒரு லட்சம் கடன் தேவையில்லை.

செலவு செய்ய வேண்டிய இடம் இரண்டு. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், உடனே செய்துவிடுங்கள். இன்னொன்று எரிவாயு. வீட்டு சிலிண்டரில் விற்பனைக்கு ஆக்குவது சட்டப்படி தவறு, பிடித்தால் இணைப்பே போகும். மேலே நான் போட்ட 100 ரூபாய் 19 கிலோ வணிக சிலிண்டர் கணக்குக்குத்தான்.

கடைசியாக, கடன் தர வரும் எந்த ஏஜென்டும் சொல்லாத ஒன்று. இதில் அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறீர்களா? வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் மாநில அரசு 3,000 சேர்த்து 4,500-ஆகத் திருப்பித் தருகிறது. உறுப்பினராக இல்லையென்றால் உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள். தங்கம் விற்ற காசில் அந்த 1,500-ஐ இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். அரிசி, பருப்பும் இதுவும் போக மிஞ்சுகிற இரண்டாயிரத்துச் சொச்சத்தைக் கடைக் கணக்கில் கட்டிவிடுங்கள்.